வழுக்குமிடம் தெரிந்தவர்

1984 பிப்ரவரி 14. சராயேவோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் ஜோடி ராவெலின் ‘பொலேரோ’ இசைக்குப் பனித்தரையில் ஆடித் தங்கம் வென்றது. எவ்வளவு வெட்டிப் பார்த்தும் இசை, விதித்த நேரத்தைவிடச் சுமார் 18 விநாடி நீண்டது. அன்றைய விதிப்படி, காலணியின் கத்தி பனியில் பதிந்து ஆட்டம் தொடங்கிய பிறகே கடிகாரம் ஓடும். ஆகவே முதல் 18 விநாடியையும் முழங்காலில் நின்றே ஆடினார்கள். டீன் முன்னாள் போலீஸ்காரர். விதியின் இண்டு இடுக்கு அவருக்குத் தெரியாதா என்ன!

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரான்சுக்காக ஆடிய பால், இசபெல் துஷேனே இருவரும் அண்ணன் தங்கை. ஜோடி நடனம் என்றாலே காதல் என்று பழகிப்போன அரங்கம் அது. தான் ஜெயித்த சரக்கையே டீன் அவர்கள் தலையிலும் கட்டியிருக்கலாம். மாறாக, லத்தீன் அமெரிக்கச் சர்வாதிகாரத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஓர் ஆட்டம் அமைத்துக் கொடுத்தார். 1991-இல் அவர்கள் உலகச் சாம்பியன்கள் ஆனார்கள். மறுவருட ஒலிம்பிக்கில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசைக்கு அண்ணன் தங்கையாகவே ஆடி வெள்ளி வாங்கினார்கள். தன் உடம்புக்கு வாய்த்ததை மறந்துவிட்டு எதிரே நிற்கும் உடம்பைப் பார்ப்பது ஆடிப் பேரெடுத்தவருக்கு லேசில் வராது.

ஆடி முடித்தவர் அடுத்தவருக்கு என்ன கொடுக்க முடியும்? ஜவ்வாது மலையடிவாரத்தில் சங்க காலத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அம்மலையில் பிறக்கும் சேயாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில் மன்னன் புகழுக்குக் குறைவில்லை. அதைத் தள்ளிவிட்டு வழிக்குறிப்புகளை மட்டும் படித்துப் பாருங்கள். தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்தபின் போங்கள். பாம்பு இருக்கும், பார்த்துப் போங்கள். சுனைக்கரை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் அலையாமல் உட்கார்ந்து வாத்தியத்தை வாசியுங்கள், கானவர் வந்து சேர்வார்கள். கால் சறுக்கிய அனுபவம் இல்லாதவர் வாயில் இவ்வளவு நுணுக்கம் வராது.

இன்னொன்றும் உண்டு. எதிரே வருபவர்கள் அதே தொழில்காரர்கள், அதே வள்ளலின் வாசலுக்குப் போகிறவர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு மூட்டையோடு வீடு போயிருக்கலாம். போட்டிக்காரனாக வரக்கூடியவனுக்கு வழுக்குமிடத்தைச் சொல்லித் தருகிற மனம் வந்த பிறகுதான் ஆட்டக்காரர் வாத்தியார் ஆகிறார். வயதும் மூட்டுவலியும் அவரை மேடையிலிருந்து இறக்கலாம். அந்த மனத்தை அவற்றால் தர முடியாது.

செங்கம் இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாறு வட்டத்தில் இருக்கிறது புரிசை. தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் தம்பிரான்களின் ஊர். பனியரங்கில் ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளர் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். கூத்தில் வாத்தியார் களத்திலேயே, ஆடுபவர் முதுகுக்குப் பின்னால் நின்று பாடலாம். ஆடுபவர் அடியை விட்டால் பின்பாட்டு எடுத்துக் கொடுக்கும். கூட்டத்தின் கண் முழுக்க வேஷக்காரர் மேல் இருக்கும்.

புரிசை கண்ணப்ப சம்பந்தன் ஆடியும் ஆட்டுவித்தும் பேர் பெற்றவர். அரியான் முனூஷ்கினின் பிரெஞ்சு நாடகக் குழுவான தெயாத்ர் து சொலெய்க்கு அவர் கூத்துச் சொல்லிக் கொடுத்தார். அக்குழுவினருடையவை, பாரதக் கூத்து நடக்கும் அக்கினி வசந்த விழாவைப் பார்த்து வளராத, அடவு ஏறாத உடம்புகள். 2016-இல் அக்குழுவின் ‘இந்தியாவில் ஓர் அறை’ பாரிசில் அரங்கேறியது. அதில் வந்த கூத்தில் துரௌபதி துகிலுரியப்பட்டாள். அக்குழுவின் வேன்சென் காட்டு அரங்கில் கர்ணன் தமிழில் பாடிச் செத்தான்.