உடைமையின்மை துறவாகுமா?

அல்சூரில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிளவுட் கேமிங்குக்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். ஆட்டம் ஓடுவது எங்கோ ஒரு சர்வரில். வீட்டுக்கு வருவது காட்சி மட்டும். “எதையும் சொந்தமாக்காத இதுவும் அபரிக்கிரகம்தானே, சித்தப்பா?” என்றான் அண்ணன் மகன்.

இல்லை என்பேன். அபரிக்கிரகம் என்பது உடைமை கொள்ளாமை என்னும் சமண நெறி. சிரவணபெளகொளாவில் 10-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோமடேசுவரர் சிலை சொல்வது வேறு. கோமடேசுவரர் எனப்படும் சமணத் துறவி பாகுபலி, வென்ற அரசையே விட்டவர்; வேட்கையையும் சேர்த்து விட்டவர். சந்தாவிலோ பொருள்தான் நம்மிடம் இல்லை; வேட்கை மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது.

கூகுள் ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவை 2023 ஜனவரி 18-இல் மூடப்பட்டது. தனித்தனியே விலைகொடுத்து வாங்கிய ஆட்டங்களும் அங்கே முடிந்தன. பணத்தை நிறுவனம் திருப்பித் தந்தது. ஆனாலும் ஆட்டங்கள் போனது இழப்பு, துறவல்ல. இழப்பு நம்மைக் கேட்காமல் நேர்வது. துறவு நாமே தேர்வது. சந்தா கட்டுவதில் பாவமில்லை. வேண்டாம் என்று சொல்லும் வலிமை மனத்தில் இருக்க வேண்டும். அபரிக்கிரகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.