கரையில் காத்திருக்கும் போதகர்



சித்திரை வெயிலில் நம் கரிசல் காடு வெடித்துக் கிடக்கிறது. தருவைகுளம், வேப்பலோடைப் பக்கம் உப்பளங்களில் வேலை மும்முரம். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் பேனா மையைத் தெளித்துக்கொண்டு, கூச்சலும் சிரிப்புமாக வாசலைத் தாண்டிப் போகிறார்கள். சத்தம் ஓய்ந்த பிறகு டீச்சர் வகுப்புக்குள் போய்க் கரும்பலகையை அழிக்கிறார். பலகையின் ஓரத்தில் பதிவு, வருகை என்று தினமும் எழுதிப்போட்ட எண்களும் அதோடு அழிகின்றன. பதிவில் இருந்தும் வருகையில் இல்லாமல் போன ஒரு பையனின் முகம் அப்போது அவர் கண்முன் வரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவன் வருவானா? அப்பாவோடு உப்பளத்துக்கே போய்விடுவானா?

ஆசிரியப் பணியில் இருக்கிற உங்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. ஆண்டுதோறும் பிள்ளைகளை மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நீங்கள் அதே வகுப்பில் நிற்கிறீர்கள். சில நேரம் பணிமாறுதல் வந்து நீங்களே ஊர் மாறுகிறீர்கள். யார் என்ன ஆனார்கள் என்று பெரும்பாலும் தெரிவதே இல்லை. அப்படியானால் இத்தனை பாடும் எதற்கு என்று மனம் சோர்ந்துபோகிறது, இல்லையா?

நம் ஊரையே பாருங்கள். 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனாருக்குச் சிறுவயதில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் வீரப்பெருமாள் அண்ணாவி. மாணவர் வளர்ந்தார், மேலே படிக்கத் தூத்துக்குடிக்குப் போனார். அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்குவார், கோவைச் சிறையில் செக்கிழுப்பார் என்றெல்லாம் அன்றைக்கு அண்ணாவிக்கு எப்படித் தெரியும்? தம்மிடம் வந்த சிறுவனுக்கு அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்; மற்றதைக் கடவுள் பார்த்துக்கொண்டார். ராதாகிருஷ்ணன் பிறந்ததும் செப்டம்பர் 5 என்பதால் அது நாடு முழுவதற்கும் ஆசிரியர் தினம். நம் ஊருக்கோ இரட்டிப்பு நாள்.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித சவேரியாரும் ஓர் ஆசிரியர்தான், அதுவும் தமிழ் சரளமாக வராத ஆசிரியர். மொழி தெரிந்தவர்களைக் கூடவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். புதிதாக ஒரு செபம் சொல்லித்தரும்வரை பிள்ளைகள் தம்மைச் சாப்பிடவோ தூங்கவோ விடுவதில்லை என்று 1544 சனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். அத்தனை பிரியம் இருந்தும் எந்த ஊரிலும் அவரால் நிலையாகத் தங்க முடியவில்லை. அடுத்த ஊர் காத்திருந்தது. தாம் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். ஆசிரியர் செய்த பணியைச் சின்னக் கைகள் எடுத்துக்கொண்டன.

பிரியமானவர்களே, இந்தப் பாஸ்கா காலத் திருப்பலிகளில் நாம் கேட்பதும் ஒரு போதகரின் பிரியாவிடைதான். இறுதி இராவுணவில் ஆண்டவர் சீடர்களோடு நெடுநேரம் பேசுகிறார். கலங்கிப்போனவர்களைத் தேற்றுகிறார், துணையாளராம் தூய ஆவியாரை வாக்களிக்கிறார். பாடம் முடிந்தது. அன்று இரவே பரீட்சை வந்தது. முடிவு என்ன? ஒருவன் காட்டிக்கொடுத்தான். முதல் பெஞ்சு மாணவரான பேதுரு மும்முறை மறுதலித்தார். மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். நம் கணக்குப்படி அந்த வகுப்பே தோல்வி.

உயிர்த்த ஆண்டவர், மீன்பிடிக்கப் போயிருந்த அவர்களைத் தேடித் திபேரியக் கடற்கரைக்கு வந்தார். இராமுழுக்க வலைவீசியும் ஒரு மீன்கூடக் கிடைக்காமல் கரை திரும்புவது எப்படியிருக்கும் என்று தருவைகுளத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். முதலில் பசியாற்றினார். சாப்பிட்டு முடித்த பிறகே பேதுருவிடம் கேள்வி கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று கேட்கவில்லை, அன்பு இருக்கிறதா என்று கேட்டார். மும்முறை தவறியவருக்கு மும்முறை வாய்ப்புக் கொடுத்து, தம் ஆடுகளையே அவரிடம் ஒப்படைத்தார்.

நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பின்தங்கிய பிள்ளையிடம் நாம் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்ன? “நீ எங்க உருப்படப்போற” என்பதா? பாடம் மறந்துபோகும், அந்த வார்த்தை மறக்காது. மே மாதம் பொதுத்தேர்வு முடிவு வரும் காலையில் நம் வீட்டில் என்ன நடக்கப்போகிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லி நம் பிள்ளையைக் குத்திக்காட்டுவோமா?

இப்படிச் சொல்லில் தவறியவர்கள் மனம் உடைந்துபோக வேண்டாம். பேதுருவை மீட்டெடுத்த இரக்கம் உங்களுக்கும் உண்டு. ஆசிரியர்களே, உங்கள் கை நழுவிப் போய்விட்டதாக நீங்கள் நினைக்கிற பிள்ளை ஆண்டவரின் கையில்தான் இருக்கிறது. லீவு நாளில் அவன் வீடுவரை ஒருமுறை போய்வாருங்கள். “ஜூன்ல கட்டாயம் வந்துரணும்டா” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவனைத் திரும்பக் கொண்டுவரலாம். பெற்றோரே, தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. தேர்வு முடிவு எதுவானாலும் அன்று காலையில் பிள்ளைக்கு முதலில் சாப்பாடு போடுங்கள். மார்க்கைப் பிறகு கேட்கலாம். ஆண்டவரும் அப்படித்தான் செய்தார்.

விடைபெற்றுப் போகும் பிள்ளைகளையும், வழியனுப்பும் ஆசிரியர்களையும், வராமல் போனவர்களையும் இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.