யாரையும் நம்பாதே என்று சொல்லலாமா?

பெற்றோரே, ஒவ்வொரு வருஷமும் பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து கல்லூரிகள் திறக்கும் காலத்தில் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு புதுக் கவலை வந்து சேர்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு டில்லியிலோ மும்பையிலோ படிக்க இடம் கிடைக்கிறது. முதல் தடவை தகப்பனார் கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வருகிறார். ஆனால் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு அந்தப் பிள்ளை தனியாகத்தான் வரவேண்டும்; தனியாகத்தான் திரும்பிப் போகவேண்டும். சென்னை சென்ட்ரலிலிருந்து புதுடில்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். விரைவான தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினாலும் இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியிலே கழிகின்றன. விஜயவாடா, நாகபுரி, போபால், ஆக்ரா என்று ஊர்கள் மாறுகின்றன, பாஷை மாறுகிறது, எதிரில் உட்காருகிறவர்களும் மாறுகிறார்கள்.

அந்தப் பயணத்துக்குப் பெற்றோர் எல்லாம் எடுத்து வைக்கிறார்கள். புளியோதரைப் பொட்டலம், பெட்டியைக் கட்டச் சங்கிலியும் பூட்டும், பையின் ஓரத்தில் ஒரு ஜெபமாலை. கடைசியில் வண்டி நகரும்போது தாயார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிற வார்த்தை இது: “யாரோடும் பேசாதே. யாரையும் நம்பாதே.”

இந்தப் புத்திமதி அன்பிலிருந்து வருகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இது ஒரு கிறிஸ்தவ வீட்டிலிருந்து போகக்கூடிய புத்திமதிதானா என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டா? ஞானோபதேச வகுப்பில் எல்லா மனிதரும் சகோதரர் என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். பிளாட்பாரத்திலோ, எல்லா மனிதரும் திருடர் என்று கற்பிக்கிறோம். இரண்டில் எதைப் பிள்ளை நம்பும்?

பயம் வீண் என்று சொல்ல வரவில்லை. மயக்க மருந்து கலந்த பிஸ்கட்டைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தூங்குகிறவனின் போனைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். தனியாய் வரும் பெண்பிள்ளையிடம் தகாதபடி நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் தெரிந்தும், “காவல் சம்மனசு பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி ஒன்றையும் எச்சரிக்காமல் அனுப்புவது விசுவாசம் ஆகாது. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்தால் சம்மனசுகள் தாங்கிக்கொள்வார்கள் என்று பசாசு தூண்டியபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை. காவல் சம்மனசு இருக்கிறார் என்பதற்காகப் பெட்டிக்குப் பூட்டுப் போடாமல் இருக்கலாமா?

அப்படியானால் நம்புவதா, நம்பாமல் இருப்பதா? நல்ல சமாரித்தன் உவமையை இந்தக் கேள்வியோடு மறுபடியும் நினைத்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு ஒருவன் தனியாகப் பயணம் போகிறான். வழியில் அவனை அடித்துக் கொள்ளையிட்டவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அவனைத் தூக்கிக் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கட்டியவனும் முன்பின் தெரியாதவனே. அது மட்டுமா? அந்தக் காலத்து யூதத் தாய் ஒருத்தி மகனை அந்த வழியே அனுப்பியிருந்தால், “சமாரியன் எவனையும் கிட்டச் சேர்க்காதே” என்றுதான் முதலில் சொல்லியிருப்பாள். ஒரே பாதையில் கள்ளரும் இருந்தார்கள், காப்பாற்றியவனும் இருந்தான். நம் ரயில் பெட்டியும் அப்படிப்பட்ட பாதைதான். யாரையுமே நம்பாதே என்று கற்ற பிள்ளை, கள்ளரிடமிருந்து ஒருவேளை தப்பும். ஆபத்து வந்தால் சமாரித்தனிடம் உதவி கேட்கவும் தெரியாமல் நிற்கும்.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு மனிதனின் உள்ளம் கெட்டது என்று ஆதாரமின்றித் தீர்மானிப்பது அநியாயத் தீர்ப்பு. அது எட்டாம் கற்பனைக்கு விரோதம். உள்ளத்தை அறிகிறவர் சர்வேசுரன் ஒருவரே. ஆனால் ஒருவனுடைய உள்ளம் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப என்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காத்துக்கொள்வது விவேகம். நான்கு தலையான புண்ணியங்களில் அது முதலாவதாக வைக்கப்படுகிறது. இரவில் நாம் கதவைத் தாழிடுகிறோம். அதனால் அண்டை வீட்டாரைத் திருடர் என்று சொல்லிவிட்டோமா? அப்படியே, எதிரில் இருப்பவர் நீட்டும் பிஸ்கட்டை வேண்டாம் என்பது அவரைக் கெட்டவர் என்று சொல்வதாகாது.

வேதாகமத்தில் இதற்கு ஓர் அழகான சரித்திரம் இருக்கிறது. கண்பார்வை இழந்த தோபித்து, தன் ஒரே மகன் தோபியாசை நினிவேயிலிருந்து வெகுதூரத்திலுள்ள மேதியா நாட்டுக்கு, அங்கே ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கிவர அனுப்புகிறார். தாயார் அழுகிறாள். வழித்துணையாக வர ஒருவர் முன்வருகிறார். அவர் ரபாயேல் சம்மனசு என்பது அவர்களுக்குத் தெரியாது. கிழவர் என்ன செய்தார்? “நீர் யார்? எந்தக் கோத்திரம்? எந்தக் குடும்பம்?” என்ற விதமாய் விசாரித்தார். விசாரித்துத் திருப்தியடைந்த பிறகே மகனை ஒப்படைத்தார். சம்மனசையே விசாரித்தார்! சம்மனசும் அதற்காகத் திரும்பிப் போய்விடவில்லை. பதில் சொல்லிக் கூடவே நடந்தார்.

இதிலிருந்து பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க ஒரு அளவுகோல் கிடைக்கிறது. நல்லவர் நம் ஜாக்கிரதையைக் கண்டு கோபிக்கமாட்டார். “வேண்டாம் அங்கிள், வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன்” என்று முகமலர்ச்சியோடு சொன்னால், நல்ல மனிதர் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். இரண்டாந்தரம் மறுத்த பிறகும் வற்புறுத்துகிறவர், போன் நம்பரையும் தங்குமிடத்தையும் துருவித் துருவிக் கேட்கிறவர், “வீட்டில் சொல்லாதே” என்கிறவர், இவர்களிடமிருந்து விலகிவிட வேண்டும். அதற்கு அவர்களுடைய உள்ளத்தை ஆராய வேண்டியதில்லை, செய்கை போதும். உடனே டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமோ சொல்லலாம். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பக்கத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களிடம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணும் உண்டு.

நம் தேசத்துச் சட்டமும் அந்நியருக்குப் பொறுப்பு உண்டு என்றே நினைக்கிறது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 139-ம் பிரிவைப் பாருங்கள். ஆண்துணையில்லாமல் வரும் பெண்ணிடமோ சிறு பிள்ளையிடமோ டிக்கெட் இல்லாவிட்டாலும், கண்ட இடத்தில் இறக்கிவிடக் கூடாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், வண்டி கடைசியாய் நிற்கும் ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன் ஆகிய இடங்களில்தான், அதுவும் பகலில்தான் இறக்கலாம்.

விவேகம் ஒரே நாளில் வராது. பழக்க வேண்டும். நெடும்பயணத்துக்கு முன்னே, மதுரைக்கோ திருச்சிக்கோ போகும்போது பிள்ளையே பெட்டியைக் கண்டுபிடிக்கட்டும், பிள்ளையே டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டட்டும். நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள். பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். முக்கியமான போன் எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். போன் அணைந்துபோனாலும் காகிதம் அணையாது. வழியில் தண்ணீர் வாங்க இறங்கி, ஓடும் வண்டியில் ஏறக்கூடாது. படியில் உட்காரக்கூடாது. இறங்கவேண்டிய ஸ்டேஷன் தவறிப்போனால் குதிக்காமல் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வேண்டும். நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரிக்கலாம் என்ற விதியும் தெரிந்திருக்கட்டும். தன் உரிமையை அறிந்தவன் சண்டையில்லாமல் பேசுவான். பிறர் உரிமையையும் மதிப்பான்.

இந்தக் கடைசி வார்த்தையை மகனுக்கு விசேஷமாய் விளக்க வேண்டும். ஸ்லீப்பர் பெட்டியின் ஒரு பகுதியில் எட்டுப் பேர் பயணம் செய்கிறார்கள். மற்ற ஏழு பேரும் உன் மகனுக்கு அந்நியர். ஆனால் அந்த ஏழு பேருக்கும் உங்கள் மகனே அந்நியன் அல்லவா? எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையின் தாயார், இவனைப் போன்றவர்களை நினைத்துத்தான் பயந்துகொண்டு வழியனுப்பியிருப்பாள். இவன் பார்வையும் பேச்சும் அந்தப் பயத்தைப் பொய்யாக்க வேண்டும். மேல் பெர்த்தில் ஏற முடியாத பாட்டியம்மாளுக்குத் தன் கீழ் பெர்த்தைக் கொடுக்கட்டும். அழும் கைக்குழந்தையைக் கண்டு முகம் சுளிக்காதிருக்கட்டும். பிறர் நம்பத்தக்க அந்நியனாய் இருப்பது எப்படி என்று கற்காத பிள்ளைக்குப் பயண ஆயத்தம் பாதிதான் நடந்திருக்கிறது.

மகனைப் பதினைந்து வயதில் தனியே அனுப்பிவிட்டு, மகளை இருபது வயதிலும் அனுப்பாத வீடுகள் நம்மிடையே உண்டு. பெண்ணுக்கு ஆபத்து அதிகம் என்பது மெய்யே. ஆனால் அதற்கு மருந்து அதிகப் பயிற்சியும் நல்ல துணைவசதியுமே. படிப்பையும் வேலையையும் அவளுக்கு மறுத்துவிடுவது அல்ல. அவள் “வேண்டாம்” என்று உரக்கச் சொல்லவும், பலர் முன்னால் எழுந்து நின்று உதவி கேட்கவும் வீட்டிலேயே பழக்குங்கள். அடக்கம் என்பது வாய்மூடி அநியாயத்தைச் சகிப்பது அல்ல.

எல்லாவற்றிலும் முக்கியமான ஆயத்தம் பிள்ளையிடத்தில் இல்லை, பெற்றோரிடத்தில் இருக்கிறது. எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் பிள்ளை ஏதாவது தவறு செய்யலாம். பணத்தைத் தொலைக்கலாம், தகாத ஆளை நம்பிவிடலாம், வண்டியைத் தவறவிடலாம். அந்த இராத்திரி அது முதலில் யாரைக் கூப்பிடும்? “அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்” என்று நினைக்கும் பிள்ளை யாரையும் கூப்பிடாது. ஆபத்து அங்கேதான் பெரிதாகிறது. ஊதாரிப் பிள்ளை திரும்பிவரத் துணிந்தது, வீட்டில் எப்படிப்பட்ட தகப்பன் இருக்கிறார் என்பதை ஓரளவாவது அறிந்திருந்ததால்தான். ஆகையால் புறப்படுமுன் இதைத் தெளிவாய்ச் சொல்லுங்கள்: “எது நடந்தாலும் முதலில் எங்களைக் கூப்பிடு. திட்டமாட்டோம்.” சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.

1928-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், பதினெட்டு வயது நிரம்பிய மகளோடு ஒரு விதவைத் தாய் ஸ்கோப்பியே நகரத்தில் ரயிலேறி ஜாக்ரெப் வரை கூடவே போனாள். அங்கிருந்து மகளை அயர்லாந்து தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அந்த மகளே பிற்பாடு கல்கத்தாவின் அன்னை தெரேசா. 1972-ல் அல்பேனியாவில் இறக்கும்வரை அந்தத் தாய் மகளை மறுபடியும் காணவில்லை. நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துவிடுவார்கள். நமக்குக் கேட்கப்படும் தியாகம் சிறியது. ஆனாலும் பாடம் ஒன்றே. பிள்ளை நமக்குச் சொந்தமல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. கூடப்போகக்கூடிய தூரம்வரை கூடப்போவதும், அதற்கப்பால் ஆண்டவர் கையில் விடுவதும், இரண்டும் நம் கடமையே.

ஆகவே, அடுத்த தடவை ஜன்னலருகே நின்று “யாரையும் நம்பாதே” என்று சொல்ல வாய் வரும்போது, அதை மாற்றிச் சொல்லுங்கள்: “விழிப்பாய் இரு, மரியாதையாய் இரு, உதவி வேண்டுமானால் கேள், முடிந்தால் உதவி செய், சேர்ந்ததும் போன் பண்ணு.” பிறகு பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, தோபியாசை நடத்திச் சென்று பத்திரமாய் வீடு சேர்த்த ரபாயேல் சம்மனசின் காவலில் ஒப்புவியுங்கள். சேர்ந்தேன் என்ற போன் வரும்வரையில், உங்கள் பிள்ளைக்காக மட்டுமல்ல, அந்தப் பெட்டியில் போகும் எல்லார் பிள்ளைகளுக்காகவும் ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லுங்கள்.