பலர் எழுதும் ஏடும் ஆசிரியரின் மனச்சான்றும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, இருபுறத்து வீடுகளிலும் உறவும் பேச்சும் அறுந்துவிடவில்லை. அம்மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வெகுதொலைவு வந்துவிட்ட நமக்கு, ஒரே செய்தி இரு மொழியில் இரு விதமாகச் சொல்லப்படுவது புதிதன்று.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்றொரு பழம் பலாமரம் உண்டு. பகைவருக்குத் தப்பிய மார்த்தாண்டவர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது ஊர் வழக்கு. 1891இல் வெளிவந்த சி. வி. ராமன்பிள்ளையின் மலையாள நாவல் அவரது புகழை நாட்டியது. தென்திருவிதாங்கூரின் 'தம்பிமார் கதை'யோ அவரை எதிர்த்து மாண்ட தம்பிமாருக்காக இரங்குவது. வில்லடித்துப் பாடியவர் பலர். ஆளுக்கு ஓர் அடி கூடியும் குறைந்தும் வந்திருக்கும். பலர் கைபட்ட நூல் நமக்குப் பழையதுதான்.

இன்று ஒரு மாணவன் இந்த வரலாற்றைத் தேடி முதலில் போய் நிற்குமிடம் விக்கிப்பீடியா. மலையாளத்தில் 2002இலும் தமிழில் 2003இலும் தொடங்கிய இக்களஞ்சியத்தில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். பல்கலைக்கழக ஆசிரியர்கள், "ஆய்வேட்டில் இதைச் சான்று காட்டாதே" என்கின்றனர். அதில் நியாயம் உண்டு. இன்று கண்ட வாக்கியம் நாளை அங்கே இராது. பிழை மலிந்தது என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 2005இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டபோது, ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்றும் காணப்பட்டன.

ஆனால் மாணவனைத் தடுக்கும் ஆசிரியர், முந்திய இரவு அதே பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தாரெனில் அதை என்னென்பது? படித்தது குற்றமன்று, மறைத்ததே உறுத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. சொற்களை மாற்றி எழுதினால் விழுக்காடு குறையும். பெற்ற கடனும் குறையுமோ?

மறைப்பதில் வேறொரு தீங்கும் உண்டு. அக்களஞ்சியம் வெளியிடப்பட்ட ஆதாரத்தையே கேட்கும். பாட்டி பாடினாள் என்றால் ஏற்காது. ஆசிரியர் அங்கிருந்த ஒரு தவற்றை எடுத்துத் தம் கட்டுரையில் மூலம் சொல்லாது அச்சிடுகிறார் என்று கொள்வோம். பிறகு அக்கட்டுரையே அதே தவற்றுக்கு ஆதாரமாகக் களஞ்சியத்தில் ஏறும். தன் நிழலையே சாட்சிக்கு அழைத்த கதைதான். எழுத ஆளில்லாத சிற்றூரின் வரலாற்றில் இப்படிப் புகுந்த பொய்யை எவர் வந்து திருத்துவார்? பாரிசைப் பற்றிய பிழையைக் காண ஆயிரம் கண்கள் உண்டு, பாறசாலைக்கு?

திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூரின் முற்கால அரசரைப் பற்றிய தம் ஆய்வுக்குக் கல்வெட்டுகளையே தேடிப் போனார். அந்நூல் 1894இல் வந்தது. தத்துவ ஆசிரியருக்கு அது கடமைப்பட்ட வேலையன்று என்பதையும் நாம் நினைக்கலாம்.

களஞ்சியத்தை வகுப்பில் மறைவின்றித் திறந்து வைத்தால் என்ன? ஒவ்வொரு பக்கத்தின் பின்னும் யார் எப்போது எதை மாற்றினர் என்ற வரலாறும், எழுதியோர் தம்முள் நடத்திய வழக்கும் கிடக்கின்றன. அச்சு நூல் இவ்வளவு வெளிப்படையாகத் தன் ஐயங்களைக் காட்டுவதில்லை. மார்த்தாண்டவர்மரைப் பற்றிய தமிழ்ப் பக்கத்தையும் மலையாளப் பக்கத்தையும் அருகருகே வைத்து, பார்த்த நாளையும் குறித்துக்கொண்டு, மாணவரோடு அந்தப் பலாமரத்தடிக்குப் போகலாம். வில்லுப்பாட்டுக்காரர் வீட்டுக்கும் போய், அவர் பாடுவதைப் பதிந்து அவர் பெயராலேயே அச்சிடலாம். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான்.