கல்லுக்கு அடியில்

நகை ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஊரார் காண்பது. மற்றொன்று அணிபவரின் உடலைத் தொட்டு மறைந்திருப்பது. முன்முகத்தின் அழகைப் புகழாதவர் இல்லை. பின்முகத்தைப் பார்ப்பவர் யார்? ஒருவரும் பாராத இடத்திலும் ஒருவர் ஏன் செம்மையாகச் செய்ய வேண்டும்? மிகப் பழைய இந்த அறவியல் வினாவைப் பொற்கொல்லரின் பட்டறை நாள்தோறும் எழுப்புகிறது.

தொழில் பயில வருபவரின் கையில் தொடக்கத்திலேயே பொன்னைக் கொடுப்பது அரிது. செம்பிலும் பித்தளையிலும்தான் கை பழக வேண்டும். தகட்டைக் கோடு பிசகாமல் அறுக்கவும், அரத்தால் விளிம்பைச் சமன் செய்யவும், கம்பியை அச்சுத் தகட்டின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மெலிதாக்கவும் அவர் கற்கிறார். அடுத்து வருவது பற்றவைப்பு. நகையின் பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் பொடியை இணைப்பில் இட்டு, வெண்காரம் தடவி, சுடரை ஊதிச் செலுத்த வேண்டும். வெப்பம் குறைந்தால் பொடி ஓடாது. மிகுந்தால் நகையே உருகிவிடும்.

கல் பதித்தல் இவற்றிற்கெல்லாம் பின்னரே. குந்தன் முறையில், கூட்டினுள் அரக்கை நிரப்பி, அதன்மேல் பளபளப்பான மெல்லிய தகட்டை வைத்து, கல்லை அமர்த்தி, சுற்றிலும் தூய பொன்னிழையை அழுத்தி இறுக்குகிறார்கள். அடித்தகடு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கல் சுடர்விடுகிறது. மூடிய பின்னர், கல்லுக்கு அடியில் இருப்பது என்னவென்று செய்தவர் மட்டுமே அறிவார்.

அவ்வாறாயின், அந்தத் தகடு ஒரு பொய்யா? அன்று. இம்முறை இன்னதென்று வாங்குபவரும் அறிவார். கல்லின் இயல்பான ஒளிக்கு அது துணை நிற்கிறது. ஆனால், வெறுங் கண்ணாடிக்கு அடியில் சிவப்புத் தகட்டை வைத்து மாணிக்கம் என்று விற்றால் அது பொய். அரக்கின் எடையையும் பொன்னின் எடையோடு கூட்டி விலை கேட்டால் அது களவு. கைத்திறன் எல்லாவற்றிலும் ஒன்றே. வேறுபடுவது செய்பவரின் உள்ளம். ஆகவே, திறமையைக் கற்றுவிட்டால் நேர்மையையும் கற்றுவிட்டதாகப் பொருளில்லை.

மக்களின் ஐயம் புதிதன்று. பொற்கொல்லன் ஒருவனின் வஞ்சகத்தால் கோவலன் உயிரிழந்த கதையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நம் காலத்தில் ஐயம் தீர்க்கச் சட்டம் முன்வந்துள்ளது. பொன் நகைக்கான ஹால்மார்க் முத்திரை இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்று அது உறுதி கூறும்போது எளியவருக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆயினும் அந்த 2021-ஆம் ஆண்டு ஏற்பாட்டிலேயே குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மறைவு மிகுந்த இடத்தில் முத்திரை நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மனிதர் மனிதரை நம்பித்தான் ஆக வேண்டும். பிடிபடுவோம் என்னும் அச்சத்தால் மட்டும் நேர்மையாய் இருப்பவர், சோதனை முடியும் எல்லையில் தம் நேர்மையையும் முடித்துக்கொள்வார்.

பொற்கொல்லர்களின் பாதுகாவலரான புனித எலிஜியுஸ் 7-ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டில் வாழ்ந்தவர். ஓர் அரியணை செய்ய அரசன் இரண்டாம் குளோத்தார் கொடுத்த பொன்னில் அவர் இரண்டு செய்து கொடுத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. சேதாரம் என்று சொல்லி மிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்? விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரமோ, பொன்வேலையும் கல் பதிக்கும் திறனும் பெட்சலேலுக்கு இறைவனின் ஆவியால் அருளப்பட்டவை என்கிறது. திறமை ஒரு கொடையானால், கொடுத்தவரின் கண்ணுக்கு மறைவிடம் ஏது?

நம் எல்லாருடைய தொழிலிலும் இப்படி மூடிய கூடு ஒன்று உண்டு. நள்ளிரவில் நோயாளியின் அருகிருக்கும் செவிலியருக்கும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும், சுவருக்குள் கம்பி கட்டும் தொழிலாளிக்கும் அது உண்டு. அங்கே நாம் வைப்பதே நம் உண்மையான மாற்று.

காலப்போக்கில் அரக்கு வறண்டு, கல் உதிர்வதுண்டு. அன்று வேறொரு பொற்கொல்லர் அந்தக் கூட்டைத் திறப்பார். முன்பு செய்தவரின் பெயரை அவர் அறியமாட்டார். அவர் எத்தகையவர் என்பதை அறிந்துகொள்வார்.