அழுத்தக் குழுவும் வன்முறையும்: ஒரு வரையறையின் எல்லை

ஆட்சியைத் தானே கைப்பற்ற முயலாமல், ஆட்சியில் இருப்போரின் முடிவுகளைத் தன் நோக்கத்துக்கு இணங்க மாற்ற முயலும் அமைப்பையே அரசியல் அறிவியல் ‘அழுத்தக் குழு’ என்கிறது. இவ்வரையறை நோக்கத்தைச் சொல்கிறதேயன்றி வழிமுறையைச் சொல்வதில்லை என்பதால், கல்லும் தீயும் ஏந்திய அமைப்பும் இதற்குள் அடங்குமா என்னும் கேள்வி எழுகிறது.

பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம் இதற்குத் தக்க சான்று. மனுக்களும் ஊர்வலங்களும் பலனளிக்காத நிலையில், 1912 மார்ச்சில் அதன் உறுப்பினர்கள், குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் உறைகளுக்குள் சுத்தியலை மறைத்துக்கொண்டு லண்டன் கடைவீதிகளில் நடந்து, கண்ணாடிகளை வரிசையாக நொறுக்கினர். மறு ஆண்டு, நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுவந்த வீட்டில் குண்டு வைத்தனர். சிறையில் உண்ணாநோன்பிருந்த பெண்களைப் பிடித்து அழுத்தி, மூக்கின் வழியே ரப்பர் குழாயைச் செலுத்தி உணவு புகட்டியது அரசு. எனவே வன்முறை என்னும் சொல்லை ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிவைப்பது நேர்மையாகாது.

அந்நாட்களிலும் ஒன்றியம் அழுத்தக் குழுவாகவே இருந்தது என்று கொள்ளலாம். ஏனெனில் சட்டமியற்ற நாடாளுமன்றத்துக்குள்ள உரிமையை அது மறுக்கவில்லை, அதில் தனக்குரிய பங்கையே கேட்டது. 1984இல் பிரைட்டன் விடுதியில் குண்டு வைத்துப் பிரதமர் தாட்சரைக் கொல்ல முயன்ற ஐரிஷ் குடியரசுப் படையின் நிலை வேறு: வட அயர்லாந்தை ஆளும் உரிமையே பிரிட்டனுக்கு இல்லை என்பது அதன் கொள்கையாதலால், அதைப் போரிடும் தரப்பு என்று சொல்லலாமேயன்றி அழுத்தக் குழு என்று சொல்ல இயலாது.

ஆயினும் அரசின் உரிமையை ஏற்பது மட்டும் போதாது. ஒன்றியத்தினர் அஞ்சல் பெட்டிகளில் எரியும் வேதிப்பொருள்களைப் போட்டபோது, கடிதங்களை எடுக்க வந்த ஊழியர்களின் கைகள் வெந்தன. வாக்குரிமையைத் தரவோ மறுக்கவோ அந்த ஊழியர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. அழுத்தம் என்பது, மறுப்பதற்கும் இடம் விட்டு, முடிவெடுக்க வல்லவர்மீது செலுத்தப்படுவது. முடிவெடுக்க இயலாதவரின் உடலைக் கருவியாக்கும் செயல், அதைச் செய்தவரின் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாயினும், அழுத்தம் ஆகாது, அது அச்சுறுத்தல். ஆகவே ஓர் அமைப்பு முழுவதையும் ஒரே பெயருக்குள் அடைப்பதைவிட, அதன் ஒவ்வொரு செயலும் யாரை நோக்கியது, அதன் வலியை யார் சுமந்தார் என்று பார்ப்பதே பொருத்தம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் பாங்க்ஹர்ஸ்ட் தீவிரச் செயல்களை நிறுத்தினார். அரசும் சிறையிலிருந்த பெண்களை விடுவித்தது. தான் எதிர்த்துவந்த அரசையே அவர் போரில் ஆதரித்தார். 1918இல் முப்பது வயது நிறைந்த, சொத்துத் தகுதியுடைய பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய சட்டத்தை அதே நாடாளுமன்றமே இயற்றியது.