பார்த்தால் உறையாத கால்

பெரும்பாலும் வாசற்படியில்தான் நடக்கிறது. கூடத்தில் நன்றாக நடந்து வந்தவர் அறைக்குள் நுழையும் இடத்தில் சட்டென நின்றுவிடுகிறார். நின்றுவிடுகிறார் என்பதுகூடச் சரியில்லை. கால்தான் நிற்கிறது, உடம்பு நிற்பதில்லை. இடுப்புக்கு மேலே உள்ளதெல்லாம் முன்னால் போய்க்கொண்டிருக்க, பாதம் இரண்டும் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கிறது என்று நோயாளிகளே சொல்வார்கள். முழங்கால் வெடவெடக்கிறது. சில விநாடிகள்தான், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது போதும். பார்கின்சன் நோயில் இதற்கு ‘நடை உறைதல்’ என்று பெயர். குறுகலான இடம், திரும்ப வேண்டிய முனை, மூடப்போகும் லிஃப்ட் கதவு, உள்ளே மணியடிக்கும் தொலைபேசி என்று அவசரமும் நெருக்கமும் எங்கே கூடுகின்றனவோ அங்கே கால் உறைகிறது.

அதே ஆள் மாடிப்படியில் தயங்காமல் ஏறிவிடுவார். அதைவிட விசித்திரத்தை 2010-ல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து நரம்பியலாளர் பாஸ்டியான் புளூமும் அவருடைய சக ஆய்வாளரும் காணொளியாகவே வெளியிட்டார்கள். 58 வயதுக்காரர் ஒருவர். துணையில்லாமல் சில அடிகூட வைக்க முடியாதவர். அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டதும் மிதித்துக்கொண்டு போகிறார், வளைந்து திரும்புகிறார், சமநிலை தவறவில்லை. இறங்கிய மறுகணம் கால் பழையபடி உறைந்துவிடுகிறது. கால்களில் பலம் இருக்கிறது, மிதிக்கத் தெரிகிறது, நடக்க மட்டும் உத்தரவு வரவில்லை.

நடை என்பது நாம் கற்று மறந்துபோன வித்தை. ஒரு வயதில் விழுந்து எழுந்து பழகியது, அதற்குப் பிறகு நம் கவனத்துக்கு வராமலே நடந்துகொண்டிருக்கிறது. அப்படிக் கவனமில்லாமல் நடத்திவைக்கிற வேலை மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்பு முடிச்சுகளுடையது. அங்கே டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றும்போது, தானாக நடந்தது தானாக நடப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் கவனித்து நடக்கிற வழி அடைபடுவதில்லை. 1967-ல் லண்டன் மருத்துவர் பர்டன் மார்ட்டின், தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் உறைந்த கால் அவற்றைத் தாண்டி நடப்பதை எழுதிவைத்தார். வீட்டில் கூடவே இருக்கும் மனைவிமார்கள் மருத்துவப் புத்தகம் படிக்காமலே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: தங்கள் பாதத்தைக் கணவரின் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, “இதைத் தாண்டுங்க” என்பார்கள். தாண்டிவிடுவார். சிலருக்கு ‘இடது, வலது’ என்ற குரல், சிலருக்கு மெட்ரோனோமின் டக்டக். பிசியோதெரபிஸ்டுகள் இவற்றையெல்லாம் தூண்டல் என்ற ஒரே பெயரில் சேர்த்துச் சொல்கிறார்கள்.

தூண்டல் பயிற்சிக்குப் பலன் உண்டு. நியூகாசில், லூவன், ஆம்ஸ்டர்டாம் என்ற மூன்று நகரங்களின் ஆய்வாளர்கள் 153 நோயாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே 3 வாரம் பயிற்சி கொடுத்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். நடை மேம்பட்டிருந்தது, உறைதலின் கடுமை குறைந்திருந்தது. பயிற்சி நின்று 6 வாரத்தில் பெரும்பகுதி கரைந்தும் போயிருந்தது. எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் தூண்டலும் நாளடைவில் காதில் விழாத சத்தமாகிவிடும். தேவைப்படும் நேரத்தில் மட்டும், கால் உறைவதற்கு ஒரு விநாடி முன்னால் தட்டிக்கொடுக்க ஒரு கருவி இருந்தால்?

இயந்திரக் கற்றல் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இதற்காகப் பிஎச்.டி. இடங்களை அறிவிக்கின்றன. நெதர்லாந்தில் அது வழக்கமாக நான்கு ஆண்டுக்கு மாதச் சம்பளத்துடன் வரும் வேலை. ஆராய்ச்சி மாணவர் அங்கே ஊழியராகவே கணக்கு. (அது நியாயம் என்றே நினைக்கிறேன். உதவித்தொகை எப்போது வரும் என்று அலுவலக வாசலில் காத்திருப்பவர் அடுத்தவரின் காலடியை எப்படிக் கவனிப்பார்?) விண்ணப்பிப்பவருக்குப் பைத்தான் நிரல்மொழி தெரிய வேண்டும், சமிக்ஞைகளைப் பகுத்தாயத் தெரிய வேண்டும், நரம்பியலில் ஆர்வம் வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளிலிருந்து படித்து வருகிற பலருக்கு முதல் இரண்டும் கைவந்தவை.

தொடக்கம் சுலபமாகத்தான் தெரியும். சாதாரண நடையில் காலின் அசைவு விநாடிக்கு 3 தடவைக்கு உட்பட்டது. உறையும்போது வரும் வெடவெடப்பு விநாடிக்கு 3 முதல் 8 தடவை. கணுக்காலில் அசைவை அளக்கும் ஒரு முடுக்கமானியைக் கட்டி, இரண்டு அலைவரிசைகளின் வலிமையை வகுத்துப் பார்த்தாலே உறைதல் பிடிபடும். 2008-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார்கள். டெல் அவிவ் மருத்துவமனையும் சூரிக் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 10 நோயாளிகளின் கணுக்கால், தொடை, இடுப்பு ஆகிய இடங்களில் கருவி கட்டி நடக்கவைத்துப் பதிவு செய்த தரவு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 237 உறைதல்கள் இருக்கின்றன. ஆனால் அந்த 10 பேரில் 2 பேருக்கு, உறைகிறது என்பதற்காகவே அழைத்து வந்தும், ஒரு தடவைகூட உறையவில்லை.

இந்த 2 பேரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். வீட்டில் நாளுக்குப் பத்துத் தடவை கால் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்பவர், மருத்துவர் முன்னால் வந்தால் ஒழுங்காக நடந்து காட்டிவிடுவார். கூட வந்த மனைவி “வீட்டில் இப்படி நடக்கறதே இல்லை டாக்டர்” என்று பதறுவார். கணவர் நடிக்கவில்லை. நடையைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரும் தன் நடையைக் கவனிக்கிறார். கவனித்தால் கால் உறைவதில்லை. அகலமான வெளிச்சத் தாழ்வாரமும் வெள்ளைக் கோட்டும் கையில் குறிப்பேடும் சேர்ந்து ஒரு பெரிய தூண்டலாகிவிடுகின்றன. அளக்கப் போன கையே மருந்தாகிவிடுகிறது.

அதனால் ஆய்வுக்கூடங்களில் தலைகீழான ஒரு வேலை நடக்கிறது. நோயாளியின் கவனத்தைத் திருட வேண்டியிருக்கிறது. நின்ற இடத்திலேயே சுற்றச் சொல்கிறார்கள், கதவைத் திறந்து நுழையச் சொல்கிறார்கள், கையில் தண்ணீர்க் கோப்பையுடன் ஒரு தட்டைக் கொடுக்கிறார்கள். கூடவே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே வரச் சொல்கிறார்கள். தண்ணீர் சிந்தக் கூடாதே என்ற கவலையிலும் 86-க்குப் பிறகு என்ன என்ற தேடலிலும் அவர் காலை மறக்கிறார். மறந்த கணத்தில் நோய் வெளியே வருகிறது.

ஜேம்ஸ் பார்கின்சனுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்தவர் அவர். 1817-ல் ‘நடுக்குவாதம்’ பற்றி எழுதிய சிறு நூலில் 6 பேரை விவரிக்கிறார். அவர்களில் 2 பேர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள்; இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆறே பேர், அதிலும் பாதி தெருவில். இன்றைய ஆய்விதழ் எதுவும் அதை ஏற்காது. ஆனால் தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரியாத நடையைத் தெருவில் அவர் பார்த்தார். எத்தனை கருவி கட்டினாலும் ஆய்வுக்கூடத்துக்குள் அது கிடைப்பதில்லை.

கிடைத்த நடையில் எது உறைதல் என்று யார் சொல்வது? பதிவான காணொளியைப் பழகியவர்கள் உட்கார்ந்து பார்த்து, உறைதல் தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் குறிக்கிறார்கள். ஒரே காணொளியை இருவர் பார்த்தால் இரண்டு விதமாகக் குறிப்பதுண்டு. அடி சுருங்கத் தொடங்கியதே உறைதலா, முழுதும் நின்ற பிறகுதானா? வெடவெடப்பே இல்லாமல் அசையாது நிற்கும் உறைதலும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால், தானாக நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் வேறுபாடு தெரியாது. முடுக்கமானிக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குறியைத்தான் இயந்திரம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு கற்கிறது. 2023-ல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் நடந்த இணையப் போட்டியில் 83 நாடுகளிலிருந்து 1,379 அணிகள் உறைதலைக் கண்டுபிடிக்கும் நிரல்களை எழுதின. நல்ல நிரல்கள் கிடைத்தன. அத்தனை அணிகளும் போட்டியிட்டது எங்கோ ஒருவர் திரையை நிறுத்தி நிறுத்திப் பார்த்து வைத்த குறிகளுக்கு எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்காகத்தான்.

இதில் இன்னொரு முரண் இருக்கிறது. பரிசையும் தவறையும் கொண்டு இயந்திரத்துக்குக் கற்பிக்கும் ஒரு முறையை ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் 1980-களில் வடித்தார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசமே அதில் பாடம். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமின் செல்களின் துடிப்பை அளந்துவந்த வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், வேறு இருவருடன் சேர்ந்து 1997-ல் எழுதிய கட்டுரையில், அந்தத் துடிப்பு இதே வித்தியாசத்தையே காட்டுகிறது என்றார். எதிர்பாராமல் சாறு வந்தால் துடிப்பு கூடுகிறது. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் குறைகிறது. அப்படியானால் டோபமின் நடையை மட்டும் ஓட்டவில்லை, பாடத்தையும் அதுதான் நடத்துகிறது. 2004-ல் வந்த ஒரு சோதனை இதை நோயாளிகளிடமே காட்டியது: டோபமின் குறையை ஈடுகட்டும் மருந்தில்லாத வேளையில் அவர்கள் தவறிலிருந்து நன்றாகக் கற்றார்கள், பரிசிலிருந்து கற்கத் திணறினார்கள், மருந்து எடுத்ததும் தலைகீழானது. “நன்றாகச் செய்தீர்கள்” என்று பிசியோதெரபிஸ்ட் தட்டிக்கொடுப்பது எந்த வேளையில் உள்ளே போய்ச் சேர்கிறது என்பது மாத்திரை நேரத்தையும் பொறுத்தது. வாத்தியார் அரைநாள் விடுப்பில் இருக்கும் வகுப்பில்தான் இவர்கள் மறுபடி நடக்கக் கற்க வேண்டும். பக்கத்திலிருக்கும் இயந்திரத்துக்கோ வாத்தியார் ஒரு நாளும் விடுப்பு எடுப்பதில்லை.

ஆகவே, பிஎச்.டி.யின் நான்காவது ஆண்டு முடிவில் இயந்திரம் எவ்வளவு கற்றது என்ற சதவீதத்தைக் கொண்டு அந்த ஆராய்ச்சியை எடைபோட முடியாது. கருவி ஒரு தடவை உறைதலைத் தவறவிட்டால் ஒருவர் விழலாம். பொய்யாக ஒரு தடவை ஒலித்தால் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அடிக்கடி ஒலித்தால் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒரு தவறவிடலுக்கு எத்தனை பொய் ஒலி ஈடு? நிரலில் அந்த எண்ணை யாராவது எழுதியே ஆக வேண்டும். எந்தத் தரவைத் தோண்டினாலும் அது கிடைக்காது. தனியாக வாழும் மூதாட்டிக்கு ஓர் எண், வகுப்பில் பாடம் நடத்தப் போக வேண்டிய ஆசிரியருக்கு வேறோர் எண். கருவி பேசாதிருக்கும் நேரத்தில் அதை அணிந்தவர் கவனிக்கப் பழகுகிறாரா, அல்லது கவனிப்பதையே கருவியிடம் விட்டுவிட்டாரா என்பதும் இந்தக் கணக்கில் சேரும். இந்த நோயில் கவனம்தான் மருந்து. அதை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம், கருவி நினைவூட்டலாம், ஆனால் கடைசியில் அது நடப்பவரிடம் போய்ச் சேர வேண்டும். பாதத்தைக் குறுக்கே வைக்கும் மனைவி இதை அறிவார். கணவர் தாண்டியதும் தன் காலை எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் பிஎச்.டி. பணிக்கான நேர்காணலில் ஒரு கேள்வி கேட்க எனக்கு இடம் கொடுத்தால், நிரல் எழுதச் சொல்ல மாட்டேன். வாசலருகே ஒருவர் அசையாமல் நிற்கும் ஒரு காணொளியைப் போட்டு, இதில் உறைதல் எங்கே தொடங்குகிறது என்று கேட்பேன். ஒரு விநாடியைச் சுட்டிக்காட்டி, அதற்குக் காரணமும் சொல்பவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களை இரண்டாம் பட்டியலில் வைப்பேன். “இவர் நின்றாரா, நிறுத்தப்பட்டாரா? அவரையே கேட்டீர்களா?” என்று என்னைத் திருப்பிக் கேட்பவருக்கு அன்று மாலையே நியமனக் கடிதம் போகும்.